வீடு அரணாகும் வேளை: பேரிடர்க் காலச் சொற்களும் இல்லத்தின் ஆயத்தமும்

பேரிடர் நம் வாயிலை அடையுமுன் அதைப் பற்றிய ஒரு சொல் வந்து சேர்கிறது. வெள்ளமாயினும் புகைமூட்டமாயினும் கொள்ளை நோயாயினும் முதலில் வருவது அறிவிப்பே. வானொலியில், கைப்பேசியில், பள்ளிவாசல் ஒலிபெருக்கியில், பக்கத்து வீட்டாரின் குரலில் அது வருகிறது. அச்சொல்லின் பொருளைச் சரியாக உணர்ந்த குடும்பம் உரிய நேரத்தில் உரிய செயலைச் செய்கிறது. பொருள் மயங்கிய குடும்பம், அரிசியும் நீரும் எவ்வளவு சேர்த்து வைத்திருப்பினும், தவறான இடத்தில் காத்திருக்க நேர்கிறது. ஆகவே இல்லத்தைப் பேரிடருக்கு ஆயத்தப்படுத்துதல் என்னும் பொருளை மொழியின் வழியே அணுகுவது பயனுடைத்து. கிள்ளான் பள்ளத்தாக்கில் அண்மைக் காலத்தில் நாம் கண்ட நிகழ்வுகளைச் சான்றாகக் கொண்டு, ஆசிரியர்க்கும் மாணவர்க்கும் உதவும் வகையில் அதனை இங்கு விளக்குவோம்.

1. அகமும் அரணும்

தமிழில் ‘அகம்’ என்பது உள்ளிடத்தையும் குறிக்கும், வீட்டையும் குறிக்கும். உள்ளே இருந்து காத்தல் என்னும் கருத்தும் தமிழ் மரபுக்குப் புதியதன்று. மதிலுக்குள் இருந்து அதனைக் காத்து நிற்றலைப் புறப்பொருள் வெண்பாமாலை ‘நொச்சி’ எனத் தனித் திணையாக வகுத்தது. திருக்குறளின் ‘அரண்’ அதிகாரம் நல்ல அரணுக்குரிய இயல்புகளை அடுக்கிச் சொல்கிறது. அவற்றுள் மூன்று இங்கு நமக்குப் பயன்படும். பகைவரால் கைக்கொள்ள அரிதாதல் ஒன்று. உள்ளே வேண்டிய உணவு இருத்தல் இரண்டு. உள்ளிருப்போர் நிலைத்து நிற்க எளிதாதல் மூன்று. இன்றைய இல்லத்துக்கும் இம்மூன்றையே அளவுகோலாகக் கொள்ளலாம். வரும் இடர் உள்ளே புகாத அமைப்பு வேண்டும். சில நாளுக்கான உணவும் நீரும் மருந்தும் வேண்டும். முதியோர், குழந்தைகள், நோயாளிகள் உட்பட அனைவரும் அங்கே தங்கக்கூடியவராக இருத்தல் வேண்டும்.

இம்மூன்றனுள் ஒன்று இல்லையெனினும் அவ்வீடு அந்த இடருக்கு அரணாகாது. எந்த வீடு எந்த இடருக்கு அரணாகும் என்பதை முன்கூட்டியே அறிந்திருப்பதே ஆயத்தத்தின் தொடக்கம்.

2. ஒரு தொடர், வேறுவேறு செயல்கள்

‘வீட்டிலேயே இருங்கள்’ என்னும் தொடரைக் கிள்ளான் பள்ளத்தாக்கு மக்கள் பலமுறை கேட்டிருக்கின்றனர். ஒவ்வொரு முறையும் அத்தொடர் வேறொரு செயலைக் குறித்தது.

முதலாவது, அடைத்துக்கொண்டு இருத்தல். 2005 ஆகஸ்ட் 11 அன்று போர்ட் கிள்ளான், கோல சிலாங்கூர் ஆகிய இடங்களில் காற்றுத் தூய்மைக்கேட்டுக் குறியீடு 500-ஐக் கடந்தமையால் அங்கு அவசரநிலை அறிவிக்கப்பட்டது. புகைமூட்டக் காலத்தில் வீட்டில் இருத்தல் என்பது வெளிக்காற்றை உள்ளே விடாதிருத்தல். கதவும் சன்னலும் திறந்த வீட்டில் அமர்ந்திருப்பவர் வெளியில் இருப்பவரைவிட மிகுதியாகக் காக்கப்பட்டவர் ஆகார். 2019 மார்ச்சில் ஜோகூர் மாநிலத்தின் பாசிர் கூடாங்கில், கிம் கிம் ஆற்றில் கொட்டப்பட்ட வேதிக் கழிவிலிருந்து நச்சாவி பரவியபோது, அவ்வட்டாரத்தின் 111 பள்ளிகள் மூடப்பட்டன. தொழிற்பேட்டைகளை அடுத்து வாழும் நம் குடும்பங்களும் இவ்வகை இருத்தலை அறிந்திருத்தல் வேண்டும்.

இரண்டாவது, உயரத்தில் இருத்தல். 2021 டிசம்பர் 18 அன்று பெய்த மழையில் கோலாலம்பூரில் ஒரு மாதச் சராசரியை மிஞ்சிய மழை ஒரே நாளில் கொட்டியது. ஷா ஆலாம் தாமான் ஸ்ரீ மூடாவில் மக்கள் மேல்மாடிகளிலும் கூரைகளிலும் படகுக்காகக் காத்திருந்தனர். வெள்ளத்தில் வீட்டில் இருத்தல் என்பது மேல்மாடியில் இருத்தலே. மேல்மாடி இல்லாத வரிசை வீட்டுக்கு இத்தொடர் பொருந்தவே பொருந்தாது.

மூன்றாவது, ஒதுங்கி இருத்தல். 2020 மார்ச் 18 அன்று தொடங்கிய நடமாட்டக் கட்டுப்பாட்டு ஆணை முதலில் இரண்டு வாரத்துக்கு என அறிவிக்கப்பட்டது. பின்பு நீட்டிக்கப்பட்டு மே 4 அன்றுதான் தளர்த்தப்பட்டது. அங்கே காற்று பகையன்று. சன்னலைத் திறந்து வைப்பது நன்மையே. பிறரோடு கலவாதிருத்தலே அதன் பொருள். புகைமூட்டத்தில் மூடவேண்டிய அதே சன்னலைத் தொற்றுநோயில் திறக்கவேண்டும் என்பதை மாணவர்க்கு எடுத்துக்காட்டினால், ஒரே தொடர் எத்துணை வேறுபட்ட செயல்களைச் சுமக்கிறது என்பது எளிதில் விளங்கும்.

நான்காவது, தாங்கி இருத்தல். 2020 செப்டம்பர் 3 அன்று சிலாங்கூர் ஆற்றில் மாசு கலந்ததால் நான்கு நீர்ச் சுத்திகரிப்பு நிலையங்கள் நிறுத்தப்பட்டன. ஏறத்தாழ 12 இலட்சம் கணக்குகளுக்கு நீர்வழங்கல் தடைப்பட்டது. இங்கே வெளியே செல்லத் தடை ஏதும் இல்லை. வீடே தன் தேவையைத் தானே தாங்கவேண்டிய நிலை.

தமிழ்நாட்டுச் செய்தித்தாள்கள் 2020-இல் ‘ஊரடங்கு’ என்ற சொல்லைப் பெரிதும் ஆண்டன. மலேசியத் தமிழ் ஊடகங்களோ ‘நடமாட்டக் கட்டுப்பாடு’ என்றன. இவ்வேறுபாடு போற்றத்தக்கது. ஊர் ஓசையற்று உறங்கும் இரவு வேளையைக் குறித்த ‘ஊரடங்கு’, பின்னாளில் காவல்துறையின் தடையாணைக்குப் பெயராயிற்று. 1969 மே 13-ஐ ஒட்டிக் கோலாலம்பூரில் விதிக்கப்பட்ட ஊரடங்கை நினைவில் கொண்ட முதியோர்க்கு அச்சொல் வேறோர் அச்சத்தைத் தரும். கடைக்குச் செல்லலாம், மருத்துவமனைக்குச் செல்லலாம் என்ற நிலையை ‘நடமாட்டக் கட்டுப்பாடு’ என்னும் தொடர் இயல்பாக உணர்த்துகிறது. சொல்லைத் தேர்ந்தவர் அச்சத்தையும் அளந்து தந்தனர் எனலாம்.

3. ‘எச்சரிக்கை’ என்னும் ஒற்றைச் சொல்

நம் நாட்டில் இடர் அறிவிப்புகள் பெரும்பாலும் மலாய் மொழியில் முதலில் வெளிவருகின்றன. வானிலை ஆய்வுத் துறை தொடர்மழைக்கு மூன்று படிநிலைகளை வைத்துள்ளது: ‘வஸ்பாடா’ மஞ்சள், ‘புரோக்’ செம்மஞ்சள், ‘பஹாயா’ சிவப்பு. வடிகால், நீர்ப்பாசனத் துறை ஆற்று நீர்மட்டத்தை இயல்பு, ‘வஸ்பாடா’, ‘அமாரான்’, ‘பஹாயா’ என நான்காகக் குறிக்கிறது. இவற்றைத் தமிழாக்குவோர் பலமுறை ‘எச்சரிக்கை’ என்னும் ஒரே சொல்லை வஸ்பாடாவுக்கும் அமாரானுக்கும் ஆள்கின்றனர். முதற்படியில் ஒருமுறையும் இரண்டாம் படியில் ஒருமுறையும் ‘எச்சரிக்கை’ என்றே கேட்கும் முதியவர், நிலைமை மாறவில்லை என்று கருதுவது இயல்பு. ஆற்று நீரோ ஒரு படி ஏறிவிட்டது.

இம்மயக்கம் தீர, படிக்கு ஒரு சொல் வேண்டும். வஸ்பாடாவுக்கு ‘விழிப்பு’, அமாரானுக்கு ‘எச்சரிக்கை’, புரோக்குக்குக் ‘கடுமை’, பஹாயாவுக்கு ‘ஆபத்து’ என வரையறுத்துக்கொள்வது தக்கது என்பது நம் கருத்து. ‘அபாயம்’ என்ற சொல்லும் வழக்கில் உண்டு. ஆயினும் ‘அபாயம்’ என்பதற்கும் அடைக்கலத்தைக் குறிக்கும் ‘அபயம்’ என்பதற்கும் இடையே ஓர் உயிரின் நெட்டளவே வேறுபாடு. இரைச்சல் மிகுந்த வேளையில் அவ்வளவு நுண்ணிய வேறுபாட்டை நம்பியிருத்தல் கூடாது.

மலாய்ச் சொற்களை அஞ்சவேண்டியதில்லை என்பதையும் மாணவர்க்கு உணர்த்தலாம். ‘பஹாயா’ வடமொழி ‘பய’ என்னும் சொல்லிலிருந்து வந்தது. நம் ‘பயம்’ அதன் உடன்பிறப்பு. பேரிடரைக் குறிக்கும் ‘பென்சானா’ என்பதும் நம் ‘வஞ்சனை’யும் ஒரே வடமொழி மூலத்தைச் சேர்ந்தவை. சொல்லாத நேரத்தில் வந்து கவிழ்ப்பது பேரிடர் என்பதால் அப்பெயர் பொருத்தமாகவே அமைந்துவிட்டது. உறவு தெரிந்த சொல் எளிதில் மறவாது.

காற்றுத் தூய்மைக்கேட்டுக் குறியீட்டையும் எண்ணால் நினைவில் கொள்ளல் நன்று. 50 வரை நன்று. 51 முதல் 100 வரை மிதம். 101 முதல் 200 வரை உடல்நலத்துக்கு ஒவ்வாதது. 201 முதல் 300 வரை மிகவும் ஒவ்வாதது. 300-க்கு மேல் ஆபத்து. எண்ணுக்கு மொழிபெயர்ப்பு வேண்டாம் என்பது அதன் சிறப்பு.

4. ஏவல் வினை எங்கே நிற்கிறது?

தமிழ் வினைமுற்றில் முடியும் மொழி. எதிர்மறையும் வினையின் ஈற்றை ஒட்டியே வருகிறது. ‘வெளியே செல்லுங்கள்’, ‘வெளியே செல்லாதீர்கள்’ என்னும் இரண்டையும் நோக்குக. ‘வெளியே செல்’ என்பது வரை இரண்டும் ஒன்றே. உயிர் காக்கும் வேறுபாடு கடைசி அசைகளில் இருக்கிறது. மழையோசையிலும் ஒலிபெருக்கியின் கரகரப்பிலும் முதலில் தேய்வதும் அவ்வசைகளே.

மாதிரிக்கு ஓர் அறிவிப்பை அமைத்துக் காண்போம்: ‘ஆற்று நீர்மட்டம் உயர்ந்து வருவதால் தாழ்வான பகுதிகளில் வசிக்கும் பொதுமக்கள் தங்கள் உடைமைகளுடன் உடனடியாக வீடுகளை விட்டு வெளியேறுமாறு கேட்டுக்கொள்ளப்படுகின்றனர்.’ இலக்கணப் பிழை ஏதும் இல்லை. ஆயினும் செய்யவேண்டிய செயல் 14-ஆம் சொல்லில் வருகிறது. கேட்பவர் ‘நீங்கள்’ என அழைக்கப்படவில்லை. ‘பொதுமக்கள்’ எனப் படர்க்கையில் நிறுத்தப்படுகிறார். ஆணையும் வேண்டுகோளாகக் கரைந்துவிடுகிறது. இதனையே ‘வெளியேறுங்கள். ஆற்று நீர் ஏறுகிறது. தாழ்வான பகுதியில் உள்ளோர் இப்போதே வெளியேறுங்கள்’ என்று சொன்னால், முதற்சொல்லே செயலாகிறது. ஒருமுறை தவறினாலும் மறுமுறை காதில் விழுகிறது.

இவ்வாராய்ச்சியின் பயன் இல்லத்துக்கும் உண்டு. குடும்பத்தினர் தமக்குள் சொல்லிக்கொள்ளும் ஏவல்களை நான்கு சொற்களாக வரையறுத்துக்கொள்ளலாம்: ‘அடை’, ‘மேலேறு’, ‘ஒதுங்கு’, ‘வெளியேறு’. தாங்கி இருத்தலுக்கு ஏவல் வேண்டாம். குழாய் வற்றியதுமே அது விளங்கிவிடும். நான்கிலும் எதிர்மறை இல்லை. ‘செய்யாதே’ என்னும் சொல் ஒன்றைத் தடுக்கும். அடுத்துச் செய்யவேண்டியது எது என்பதைச் சொல்லாது. வீட்டில் பாட்டி முதல் ஆறு வயதுப் பேரன் வரை ஒவ்வொரு சொல்லுக்கும் தாம் செய்யவேண்டியதை ஒருமுறை செய்து பார்த்திருந்தால், நெருக்கடியில் விளக்கம் கேட்க வேண்டியதில்லை.

5. இல்லத்தில் செய்யவேண்டியவை

எல்லா இடருக்கும் பொதுவானவற்றை முதலில் கூறுவோம். குடிக்கவும் சமைக்கவும் ஒருவர்க்கு ஒரு நாளைக்கு 4 லிட்டர் நீர் எனக் கொள்ளலாம். ஐவர் உள்ள வீட்டுக்கு மூன்று நாளுக்கு 60 லிட்டர் ஆகும். கழிப்பறைக்கு வேண்டிய நீர் இதில் சேராது. உணவில், அடுப்பு மூட்டாமலே உண்ணத்தக்கவை முதலிடம் பெறும்: அவல், பொரி, பொட்டுக்கடலை, ரொட்டி, பிஸ்கட், பேரீச்சை, டின்னில் அடைத்த மீனும் பயறும், குழந்தை இருப்பின் பால் மாவு. அரிசியும் பருப்பும் எரிவாயு உள்ளவரைதான் உணவு என்பதை நினைவில் கொள்க. நீரிழிவுக்கும் இரத்த அழுத்தத்துக்கும் நாள்தோறும் மருந்து உட்கொள்வோர் நம் குடும்பங்களில் பலர். அவர்க்குக் குறைந்தது ஒரு வார மருந்து எப்போதும் கையிருப்பில் இருத்தல் வேண்டும். இன்சுலின் பயன்படுத்துவோர், மின்சாரம் நின்றால் அதனை எவ்வாறு காப்பது என்று மருந்தாளரிடம் முன்பே கேட்டறிதல் நன்று. கைவிளக்கு, மாற்று மின்கலம், கைப்பேசிக்கான சேமிப்பு மின்கலம், மின்கலத்தில் இயங்கும் சிறு வானொலி ஆகியவை ஒரே பையில் இருக்கட்டும். மின்சாரமும் இணையமும் அற்றபோது மின்னல் எஃப்.எம்.மின் தமிழ்ச் செய்தி அவ்வானொலி வழியேதான் வந்து சேரும். அடையாள அட்டை, பிறப்புச் சான்றிதழ், வீட்டுப் பத்திரம், மருந்துச் சீட்டு ஆகியவற்றின் படிகளை நீர் புகாத உறையில் இட்டு அதே பையில் வைத்தல் வேண்டும்.

இனி ஏவலுக்கு ஏற்பச் செய்யவேண்டியவை.

‘அடை’ என்றால், சன்னல்களை மூடி, கதவின் கீழ் இடைவெளியில் ஈரத்துணியை இடுக. குளிர்சாதனம் வெளிக்காற்றை இழுக்கும் வகையினதாயின் நிறுத்துக. அடைத்த அறையில் சாம்பிராணி, ஊதுவத்தி, கற்பூரம், கொசுவத்தி, எண்ணெயில் பொரித்தல் ஆகியவற்றைத் தவிர்த்தல் வேண்டும். வெளிப்புகையைத் தடுத்துவிட்டு உள்ளே புகை உண்டாக்குதல் பொருந்தாது. கரியடுப்பையும் மின்னாக்கியையும் வீட்டுக்குள் இயக்குதல் எக்காலத்தும் கூடாது. அவை வெளியிடும் கார்பன் மோனாக்சைடுக்கு மணமும் இல்லை, நிறமும் இல்லை.

‘மேலேறு’ என்றால், நீர் வருமுன்பே எரிவாயு உருளையை மூடி, முதன்மை மின்விசையை நிறுத்தி, நீரும் உணவும் மருந்தும் உள்ள பையோடு மேல்மாடிக்குச் செல்க. நீர் சூழ்ந்தபின் மின்விசையைத் தொடுதல் ஆகாது. நம் வீடுகளில் திருட்டுக்கு அஞ்சிச் சன்னலுக்கும் வாயிலுக்கும் இரும்புக் கிரில் பொருத்தியிருக்கிறோம். கள்வனைத் தடுக்கும் அதே கிரில் உள்ளிருப்போரையும் தடுக்கும். ஒவ்வொரு மாடியிலும் திறக்கக்கூடிய ஒரு கிரிலும், அதன் சாவி அதன் அருகிலேயே ஓர் ஆணியிலும் இருத்தல் வேண்டும்.

‘ஒதுங்கு’ என்றால், நோயுற்றவர்க்கு ஓர் அறையும், இயலுமாயின் தனிக் குளியலறையும் ஒதுக்குக; சன்னலைத் திறந்து வைக்க; வெளியே சென்று வருபவர் ஒருவர் எனக் குறித்துக்கொள்க.

வீட்டின் இயல்பும் கருதத்தக்கது. பிரிக்பீல்ட்ஸ் அடுக்குமாடிகளில் மேல்தளத்தில் வாழ்வோர்க்கு வெள்ளம் நேரே எட்டாது. ஆனால் மின்சாரம் நின்றால் மின்தூக்கி நிற்கும். நீரை மேலேற்றும் பம்பும் நிற்கும். அங்கே நீர்ச் சேமிப்பும், நடக்க இயலாத முதியோரைப் பற்றி அண்டை வீட்டாரோடு முன்பே பேசி வைத்தலும் முதன்மையானவை. கிள்ளானின் தாழ்வான பகுதிகளிலோ, கனமழையும் கடலேற்றமும் ஒருசேர வந்தால் ஆற்று நீர் கடலில் வடிய வழியின்றித் தேங்கும். அங்கே மழையின் அளவோடு கடலேற்ற நேரத்தையும் கவனித்தல் வேண்டும்.

6. அரண் அரணாகாத வேளை

வீட்டில் இருத்தலைப் பற்றிப் பேசும் எவ்வுரையும் வீட்டை நீங்குதலைச் சொல்லாமல் முற்றுப்பெறாது. 2025 ஏப்ரல் 1 அன்று காலை புத்ரா ஹைட்சில் எரிவாயுக் குழாய் வெடித்துத் தீப்பிழம்பு எழுந்தபோது, அதன் வெம்மையில் அண்டை வீடுகளும் வாகனங்களும் உருகின. அங்கே ஓடியதே காப்பு. தீ, எரிவாயுக் கசிவு, கட்டடச் சாய்வு, மண்சரிவு ஆகியவற்றுக்கு வீடு அரணாகாது. மேல்மாடி இல்லாத வீட்டில் வெள்ளத்துக்கும் அவ்வாறே. அவ்வீட்டினர் ‘ஆபத்து’ நிலை வரும்வரை காத்திராமல், ‘எச்சரிக்கை’ நிலையிலேயே தற்காலிகத் துயர்துடைப்பு மையத்துக்குச் செல்லுதல் வேண்டும். இரவில் நீர் சூழ்ந்தபின் 999-ஐ அழைக்கலாம். ஆனால் படகு எப்போது வரும் என்பதைத் தாமான் ஸ்ரீ மூடாவில் எவராலும் சொல்ல இயலவில்லை. அந்த டிசம்பர், ஜனவரி வெள்ளத்தால் நாடு முழுதும் நேர்ந்த இழப்பைப் புள்ளியியல் துறை 610 கோடி ரிங்கிட் எனக் கணித்தது. உயிரிழந்தோர் 50-க்கு மேற்பட்டோர். நாற்காலியும் குளிர்பெட்டியும் மீண்டும் வாங்கக்கூடியவை.

7. வகுப்பறைக்குச் சில பணிகள்

இன்று பல தமிழ் இல்லங்களில் கைப்பேசிக்கு வரும் மலாய் அறிவிப்பைத் தாத்தா பாட்டிக்குத் தமிழில் சொல்பவர் பள்ளி செல்லும் சிறுவரே. நெருக்கடியில் ஒரு குடும்பத்தின் மொழிபெயர்ப்பாளர் நான்காம் ஆண்டு மாணவராக இருக்கக்கூடும். ‘வஸ்பாடா’வுக்கும் ‘பஹாயா’வுக்கும் இடையே உள்ள தொலைவை அவர் அறியாவிடில், அவ்வீட்டில் வேறு எவரும் அறியமாட்டார். தமிழாசிரியர் இப்பொறுப்பை ஏற்கத்தக்கவர். அதற்கு மூன்று பணிகளைப் பரிந்துரைக்கிறோம்.

முதலாவது, சொற்பலகை. மலாய்ச் சொல், அதன் நிறம், தமிழ்ச் சொல், வீட்டில் செய்யவேண்டிய செயல் என நான்கு பத்திகள் கொண்ட ஒரு தாளை மாணவர் தம் கையால் எழுதிக் குளிர்பெட்டியின் கதவில் ஒட்டுதல். எழுத்து பெரிதாக இருக்கட்டும். கண்ணாடி இல்லாமலும் பாட்டி படிக்கவேண்டும்.

இரண்டாவது, வாக்கிய மாற்றம். நீண்ட அறிவிப்பு ஒன்றைத் தந்து, ஏவலை முதலில் நிறுத்தி, ஐந்து சொல்லுக்கு மேற்படாத வாக்கியங்களாக மாற்றச் செய்தல். எழுவாய், பயனிலை, ஏவல், எதிர்மறை ஆகிய இலக்கணங்களை இதைவிட உயிருள்ள எடுத்துக்காட்டால் கற்பித்தல் அரிது.

மூன்றாவது, இல்ல ஆய்வு. தம் வீடு எந்தெந்த இடருக்கு அரணாகும், எதற்கு ஆகாது என்பதை மாணவர் பெற்றோரோடு அமர்ந்து ஒரு பக்கத்தில் எழுதுதல். மேல்மாடி உண்டா, கிரில் சாவி எங்கே, நடக்க இயலாதவர் யார், அவரைத் தூக்குபவர் யார், அருகிலுள்ள துயர்துடைப்பு மையம் எது என்னும் வினாக்களுக்கு அதில் விடை இருத்தல் வேண்டும்.

வடகிழக்குப் பருவமழை நவம்பரில் தொடங்குகிறது. அதற்குமுன் ஒரு பாடவேளையை இம்மூன்றுக்கும் ஒதுக்கினால் போதும். மாணவர் எழுதிய தாள் குளிர்பெட்டிக் கதவில் ஓர் ஆண்டு முழுதும் பயனின்றித் தொங்கினால் மகிழ்வோம். அதைப் படிக்கவேண்டிய இரவு ஒன்று வருமாயின், அவ்வீட்டில் எவரும் ‘எச்சரிக்கை என்றால் இப்போது என்ன செய்வது?’ என்று கேட்டு நிற்கமாட்டார்.